தரம் 7, தட்டி மறைச்ச மண்டபம்: ஜூன் மாச குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

இலங்கை மலையகத்துல, மஸ்கெலியா பக்கம் இன்னைக்கும் பனிமூட்டம். 7.30க்கு மணி அடிக்கிறப்போ தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் பிள்ளைங்க பாதி பேர் இன்னும் குறுக்குப் பாதைல இறங்கிகிட்டு இருந்தாங்க. எனக்கு குடுத்திருக்கிறது தரம் 7 கணிதம், தனி அறை கிடையாது, தோட்டப் பாடசாலை காலத்து நீள மண்டபம், நடுவுல ஒரு பலகைத் தட்டி, அந்தப் பக்கம் தரம் 6 பிள்ளைங்க செய்யுள் சொல்லுவாங்க இந்தப் பக்கம் நாங்க பின்னம் கூட்டுவோம். ஒரு பாடவேளை 40 நிமிஷம். வகுப்ப அமைதியாக்கவே 10 நிமிஷம் போச்சுன்னா கால்வாசி பாடம் போச்சு. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சே ஆகணும்.

ஜூன் 5, வியாழன்

எங்க ஸ்கூல்ல மூத்த டீச்சர் ஒருத்தங்க தரம் 8க்கு விஞ்ஞானம் எடுக்கிறாங்க. எனக்கு ஃப்ரீ பீரியட், பின்னால உக்காந்து பார்க்கலாமான்னு கேட்டேன், உடனே சரின்னுட்டாங்க. பிள்ளைங்க வர்றப்போ வாசல்ல நிக்கிறாங்க, ஒவ்வொருத்தரையா பேர் சொல்லி கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசி உள்ள விடுறாங்க, கரும்பலகைல ஏற்கனவே பூவோட படம் பாதி வரைஞ்சு இருக்கு, உக்காந்த பிள்ளை கொப்பியத் திறந்து மீதிய வரைய ஆரம்பிச்சிருது. "சத்தம் போடாதீங்க"ன்னு ஒரு தடவை கூட சொல்லல. மூலைல ரெண்டு பேர் குசுகுசுன்னு ஆரம்பிச்சாங்க, டீச்சர் பாடத்த நிறுத்தாம பேசிக்கிட்டே அந்த மேசை கிட்ட போய் நின்னாங்க, அவங்க பேச்சு நின்னுருச்சு.

பிறகு டீ குடிக்கிறப்போ சொன்னாங்க: "தம்பி, நீங்க குரல ஒசத்துனா அதுங்க அதுக்கு மேல ஒசத்தும். மணி அடிக்க முந்தியே உங்க வேலை பாதி முடிஞ்சிருக்கணும்."

1970ல ஜேக்கப் குனின்ங்கற அமெரிக்க கல்வி உளவியலாளர் எழுதினதும் இதேதான். அமெரிக்க வகுப்புகள வீடியோ எடுத்துப் பார்த்திருக்கார். குழப்படி நடந்தப்புறம் ஆசிரியர் என்ன பண்றாங்கங்கறத பார்த்தா நல்லா நடக்குற வகுப்புக்கும் நடக்காத வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம், குழப்படி வராம இருக்க முன்கூட்டியே என்ன செய்றாங்கங்கறதுலதான் வித்தியாசம் இருந்திருக்கு. ஆசிரியர் பயிற்சி எடுத்த பத்தனை ஸ்ரீபாத கல்லூரில இத பரீட்சைக்கு எழுதியிருக்கேன்.

ஜூன் 11, புதன்

நேத்து பொசன் போயா, பௌத்தங்க பௌர்ணமி லீவு. வாசல்ல நிக்கிறதும் பலகைல கணக்கு எழுதி வைக்கிறதும் போன வாரமே ஆரம்பிச்சாச்சு, நல்லாவே வேலை செய்யுது. இப்போ சத்தம் எங்கருந்து கிளம்புதுன்னு ஒரு துண்டுல குறிச்சுகிட்டு வர்றேன். பெரும்பாலும் இரவல் கேக்கிற சத்தம்தான். அடிமட்டம் குடு, ரப்பர் எங்க, பென்சில் கூர் ஒடஞ்சிருச்சு. 10ஆம் திகதி சம்பளத்துக்கு முந்தின வாரம் இது ரொம்ப கூடுது, மாசத்தோட அந்த நாட்கள்ல ஒரு பென்சில் வாங்குறது கூட லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளருங்க வரிசை வீடுகள்ல, பல வீட்டுக்கு கஷ்டம், இதுக்குப் போய் பிள்ளைய முறைச்சு என்ன பிரயோசனம்? பழைய பால்மா டின்னுல பென்சில், அடிமட்டம், கட்டர் எல்லாம் போட்டு முன் மேசைல வச்சிட்டேன். கேக்காமலே எழும்பி வந்து எடுக்கலாம். மணி அடிச்சதும் எண்ணி வாங்கி வைக்கிறது வாரத்துக்கு ஒரு பிள்ளையோட பொறுப்பு.

ஜூன் 17, செவ்வாய்

தகரக் கூரைல அடை மழை. பேசினா எனக்கே கேக்கல. கேள்விய பலகைல எழுதி கீழ நாலு விடை போட்டேன், சரியான விடையோட இலக்கத்த விரல்ல காட்ட சொன்னேன். கைய உடனே தூக்கக் கூடாது, நான் தலையாட்டுறப்போ எல்லாரும் ஒண்ணா. மேரி பட் ரோங்கற அமெரிக்க கல்வி ஆய்வாளர் ஆய்வு பண்ணினப்போ ஆசிரியர்கள் கேள்வி கேட்டுட்டு சராசரியா 1 செக்கன் அளவுதான் காத்திருந்தாங்களாம், 3 செக்கனாவது பொறுத்தா பேசாத பிள்ளைங்களும் பதில் சொல்ல வருமாம். இன்னைக்கு வாயே திறக்காத ஒரு பொம்பளப் புள்ள வரிசையா சரியா விரல் காட்டுச்சு. மழை இல்லாத நாள்லயும் இத விடப் போறதில்ல.

ஜூன் 25, புதன்

ஒரு அப்பா கவ்வாத்து மலைல, தேயிலைச் செடி வெட்டி விடுற வேலைல இருந்து அப்படியே வந்திருந்தார், மகன் பக்கத்துல தலைய குனிஞ்சுகிட்டு. "சேர், கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்"ன்னார். அதுல கோபம் தெரியல, தன்னோட புள்ளையும் கவ்வாத்து கத்திய தூக்கிருவானோங்கற பயம்தான் தெரிஞ்சுச்சு. எங்க அப்பாவும் அதே பயத்தோடதான் என்ன ஸ்கூலுக்கு அனுப்பினார், அதனால எனக்கு தொண்டைய அடைச்சிருச்சு.

"அண்ணே, அடிக்கக் கூடாதுன்னு கல்வி அமைச்சு 12/2016 சுற்றறிக்கையே போட்டிருக்கு. அது இல்லாட்டியும் நான் அடிக்க மாட்டேன். அடி வாங்குற புள்ள என் கையத்தான் பாக்கும், பலகைய பாக்காது"ன்னேன்.

"அப்ப குழப்படி பண்ணினா என்னா செய்வீங்க?"

நியாயமான கேள்வி. மொதல்ல கிட்ட போய் நிப்பேன், பிறகு இடைவேளைல தனியா கூப்பிட்டு பேசுவேன், அதுக்கப்புறம் இடத்த மாத்துவேன், கடைசியாத்தான் உங்கள வர சொல்லுவேன். அவர் விரல் விட்டு எண்ணி அப்படியே மகன் கிட்ட சொன்னார். கொப்பிய காட்டினேன், பின்னக் கணக்கு பூரா சரி. ரொம்ப நேரம் பார்த்தார். தினமும் ராத்திரி கொப்பில ஒரு கையெழுத்து போடுங்க, கணக்கு புரியாட்டி பரவால்ல, "இன்னைக்கு எது வெளங்கல"ன்னு மட்டும் கேளுங்கன்னேன். சரின்னுட்டு மலைக்கு திரும்பினார்.

பின்னேரம் தரம் 6 டீச்சரோட பேசி முடிச்சாச்சு. திங்கள்ல இருந்து தட்டிக்கு ரெண்டு பக்கமும் முதல் 10 நிமிஷம் எழுத்து வேலை, அவங்க செய்யுள் சொல்ல வைக்கிறப்போ எங்க பக்கம் குழு வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் நேரசூசி இடிக்குது, அத அதிபர்கிட்ட நாளைக்கு கேக்கணும்.