கணக்கில் ஹானர்ஸ் சேரப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் ஹானர்ஸ் என்பது 3 ஆண்டு பி.எஸ்சி. முடித்த பிறகு படிக்கும் தனிப் பட்டம். முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு. இதை டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் அத்தைக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "பட்டம்தான் வாங்கிட்டியே, இன்னும் என்ன கணக்கு?"

மொத்தம் குறைந்தது 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு, ஆக 1,200 மணி. பிப்ரவரி முதல் நவம்பர் வரை பிரித்தால் வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம். டியூஷன் எடுத்துக்கொண்டே சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

வகுப்பில் நாங்கள் 5 பேர்தான். கடைசி வரிசை என்று ஒன்றே கிடையாது. இரண்டாவது வாரமே என்னைப் பலகைக்குக் கூப்பிட்டார்கள்: மூடிய இடைவெளியில் (இரு முனைகளும் சேர்ந்தது) தொடர்ச்சியான சார்பு அங்கே சீரான தொடர்ச்சியும் உடையது, அதாவது x-ஐ எவ்வளவு நகர்த்தலாம் என்பதற்கு எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவு போதும் என்று நிறுவ வேண்டும். எப்சிலானைக் (சார்பின் மதிப்பு எவ்வளவு மாறலாம் என்ற வரம்பு) கொடுத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டெல்டா (அதற்கு x எவ்வளவு நகரலாம் என்ற தூரம்) கிடைக்கும், அவற்றில் மிகச் சிறியதை எடுத்துக்கொண்டால் சரி என்று எழுதினேன். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் 1, 1/2, 1/3, 1/4 என்று எழுதி, முடிவில்லாமல் போகும் என்பதற்கு மூன்று புள்ளி வைத்துவிட்டு, "இதில் மிகச் சிறியது எது?" என்றார். சாக்பீஸோடு அப்படியே நின்றேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இடைவெளி மூடியது என்பதை நான் எங்குமே பயன்படுத்தவில்லை. அப்படியானால் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட, முனைகள் சேராத திறந்த இடைவெளியில் 1/x-க்கும் என் நிரூபணம் செல்ல வேண்டும். அங்கே அந்தக் கூற்றே பொய். அன்றிலிருந்து எதை நிறுவினாலும், கொடுத்த ஒவ்வொரு நிபந்தனையும் எந்த வரியில் வேலை செய்கிறது என்று பென்சிலால் குறிப்பேன். ஏதாவது சும்மா இருந்தால் எங்கோ ஓட்டை. ஜூன் தேர்வில் என்னைக் காப்பாற்றியது இந்தப் பழக்கம்தான். மனப்பாடம் செய்த தேற்றங்கள் அல்ல.

பி.எஸ்சி.யில் 80 வாங்கியவர்களும் முதல் 2 மாதம் தடுமாறுவார்கள். நோட்டை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள். வாசித்தால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும்.

ஆய்வுத் திட்டம் குறைந்தது 30 கிரெடிட். வழிகாட்டியை ஆண்டின் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். கணிதக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்யும் மென்பொருளான லேடெக்கை விடுமுறையிலேயே பழகிக்கொள்ளுங்கள். நான் செப்டம்பரில் தொடங்கி, ஒரே ஒரு படத்தை அது வர வேண்டிய பக்கத்திலேயே நிற்க வைக்க இரவு 2 மணி வரை மல்லுக்கட்டினேன்.