கில்லன் பாரே நோயும் எங்கள் எழுத்து அட்டையும்

வயிற்றுப்போக்கு வந்து குணமாகி ஏறக்குறைய இரண்டு வாரம் கழிந்த பிறகு என் மனைவிக்குப் பாதங்கள் மரத்துப்போகத் தொடங்கின. மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்கடுத்த நாள் நாற்காலியிலிருந்து எழவே கைத்தாங்கல் வேண்டியிருந்தது. தென்காசியில் பார்த்த மருத்துவர் முழங்காலைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்த்தார். கால் அசையவே இல்லை. இது கில்லன் பாரே நோயாக இருக்கலாம், கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் ஆற்றல் தன் நரம்புகளையே தாக்கத் தொடங்கியிருக்கலாம், தளர்ச்சி மார்புக்கு ஏறினால் மூச்சு நின்றுவிடும், ஆகவே வெண்டிலேட்டரும் நரம்பியல் பிரிவும் உள்ள இடத்துக்கு உடனே போங்கள் என்றார். மைத்துனி வீடு நெடுமங்காட்டில் இருந்ததால் திருவனந்தபுரத்தைத் தேர்ந்தோம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரான செங்கோட்டை அந்தக் கேரளப் பக்கத்தோடுதான் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது அயலூர் ஆகிவிடவில்லை. ஆம்புலன்ஸ் தென்மலை, குளத்துப்புழை வழியாகப் போனது.

அங்கே அவளை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள். மாலையில் இருபதைத் தாண்டியவள் விடியற்காலையில் பத்தோடு நின்றுவிட்டாள். கருவியால் மூச்சின் அளவைப் பார்த்ததோடு இதையும் சேர்த்துக்கொண்டு, மூச்சு முற்றிலும் தளரும்வரை காத்திராமல் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் இணைத்தார்கள். இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்து, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.4 கிராம் என்ற கணக்கில், 5 நாள் இரத்தக் குழாய் வழியாக ஏற்றப்பட்டது. ஸ்டீராய்டு கொடுக்கலாமே என்று உறவினர் ஒருவர் கேட்டதற்கு, இந்த நோயில் அதனால் பயன் இல்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வாய் வழியே போட்ட குழாயை நெடுநாள் வைத்திருக்கக் கூடாது என்பதால் பிறகு தொண்டையில் துளையிட்டு ட்ரக்கியாஸ்டமி செய்தார்கள். அதற்குக் கையெழுத்துப் போடும்போது எனக்கு இருந்த அச்சம் தேவையற்றது. உண்மையில் வாய் விடுபட்டதும் அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது.

இந்த நோயில் நோயாளியின் அறிவு மங்குவதில்லை, காது கேட்கிறது, வலியும் தெரிகிறது. கை, கால், முகம், குரல் மட்டுமே போய்விடுகின்றன. இமை முழுவதும் மூடாததால் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு ஒட்டுப்பட்டை போட வேண்டியிருந்தது. பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியது என்ன என்று என்னிடம் கேட்டால், உணவும் பணமும் பிறகு. நோயாளி சொல்ல நினைப்பதை வெளியே கொண்டுவருவதே முதல் வேலை என்பேன்.

கண்ணை மேலே உயர்த்தினால் ஆம், கீழே தாழ்த்தினால் இல்லை என்று முடிவு செய்துகொண்டோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் ஆங்கில எழுத்து அட்டை இருந்தது. என் மனைவி அதில் எழுதக் கூடியவள் அல்லள். தமிழிலோ 247 எழுத்துகள். ஒவ்வொன்றாகக் காட்டினால் ஒரு சொல் முடிவதற்குள் அவள் களைத்துவிடுவாள். அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு இலக்கணம் கைகொடுத்தது. 18 மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று வரிசைக்கு ஆறாக அட்டையில் எழுதினேன். எந்த இனம் என்று முதலில் கேட்பேன். கண் உயர்ந்ததும் அந்த ஆறில் எது என்று கேட்பேன். பிறகு குறிலா, நெடிலா. சில நாள்களில் உயிர் ஒலியைக் கேட்பதையே விட்டுவிட்டோம். மெய்களை மட்டும் அவள் தருவாள், சொல்லை நான் ஊகிப்பேன். ஒரு நாள் ‘ப’, ‘ல’ என்று வந்தது. பல் துலக்கிவிட வேண்டுமா என்றேன், கண் தாழ்ந்தது. பல்லி, பலகை என்று ஏதேதோ கேட்டுப் பார்த்தேன். கடைசியில் ஊரில் பால்காரருக்கு அந்த மாதக் கணக்கைத் தீர்த்தாயிற்றா என்பதே அவள் கேள்வி என்று தெரிந்தது. வெண்டிலேட்டரில் இருந்துகொண்டு பால் பாக்கியைப் பற்றிக் கவலைப்படுகிறவளைப் பற்றி எனக்குப் பாதிப் பயம் போயிற்று.

இரவில் நான் உள்ளே இருக்க முடியாது. பைஸ்டாண்டர்கள், அதாவது நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள், வெளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்க, ஒலிபெருக்கியில் பெயர் அழைத்தால் ஓட வேண்டும். செவிலியர்களுக்குத் தமிழ் பேச்சு புரிந்தது; எழுத்துத் தெரியாது. அதற்காக எண்ணிட்ட ஒரு தாளை மைத்துனி எழுதித் தந்தாள்: 1 சளி உறிஞ்ச வேண்டும், 2 திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், 3 கால் வலி, 4 கண் எரிச்சல், 5 குளிர், 6 பயமாக இருக்கிறது. ஒவ்வொன்றும் தமிழிலும் மலையாளத்திலும் இருந்தது. எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், கண் உயரும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஆறாவது எண்ணைச் சேர்க்கச் சொன்னவர் இரவுப் பணியில் இருந்த ஒரு மூத்த சிஸ்டர். அதிகம் பயன்பட்டதும் அதுதான் என்று பின்னர் சொன்னார்.

பார்க்க வந்தவர்களால்தான் தொல்லை. அசையாமல் கிடப்பவருக்குக் காது கேட்காது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். கட்டில் ஓரத்தில் நின்று, இனி எழுந்து நடந்தாலும் பழையபடி வருமா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்; அன்று மாலை முழுவதும் அவள் அட்டையைப் பார்க்க மறுத்தாள். அதன் பிறகு பார்வையாளர்களை வாசலிலேயே நிறுத்தினேன். மனத்தாங்கல் வந்தது, வரட்டும்.

தளர்ச்சி பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள் உச்சத்தை எட்டிவிடும். பிறகு கூடாமலும் குறையாமலும் ஒரு காலம் நிற்கும். அந்தத் தேக்க வாரங்களே கடினமானவை. இரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்கியதும், இடையில் வந்த நுரையீரல் தொற்றும் அப்போதுதான். காப்பீட்டு நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அறை வாடகைக்கு உச்சவரம்பு உள்ள பாலிசியாக இருந்தால், வார்டுக்கு மாறும்போது அதற்கு மேற்பட்ட அறையை எடுக்காதீர்கள், மற்றக் கட்டணங்கள் பலவற்றிலும் அதே விகிதத்தில் பிடித்தம் செய்யக்கூடும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

முதலில் தோள் அசைந்தது. மூச்சு சிறிது சிறிதாகத் திரும்ப, பகலில் சில மணி நேரம் வெண்டிலேட்டரை விலக்கி, பிறகு தொண்டைக் குழாயில் பேசுவதற்கான வால்வைப் பொருத்தினார்கள். குழாயை எடுத்து வார்டுக்கு வந்த பிறகும் பாதம் தொங்கியே இருந்தது. அதற்குத் தாங்குபட்டை கொடுத்தார்கள். களைப்பு வரும்வரை பயிற்சி செய்யக் கூடாது, களைப்புக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பது பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொன்னது. என் மனைவி தையல் வேலை செய்பவள். அந்தக் கட்டுப்பாட்டை அவளைப் பின்பற்ற வைப்பது இன்றுவரை என் பொறுப்பாக இருக்கிறது. இப்போது மிதி எந்திரத்துக்கு மோட்டார் பொருத்திக்கொண்டு அரை மணி நேரம் தைக்கிறாள். விரல் நுனிகளுக்கு உணர்ச்சி முழுவதும் வராததால் ஊசியில் நூல் கோப்பதும் பித்தான் வைப்பதும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் வேலை.