சூனியத்துக்குக் கட்டணம், துறைமுகம் இலவசம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்துக்கு அக்டோபரில் மட்டும் போகாதீர்கள். பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான் என்றாலும், பேய், சூனியக்காரி வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் கூட்டத்தில் ரயிலில் நிற்கவும் இடமில்லை. இறங்கிய பின் எசெக்ஸ் தெருவில் கூம்புத் தொப்பிக்காரர்களுக்கு நடுவே நகரவும் வழியில்லை.

1692-இல் சூனியக் குற்றம் சாட்டி இங்கே 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். விசாரணைக்கு உடன்பட மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரியின் மேல் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். அந்தக் கொடுமையை வைத்துத்தான் இன்று கடைத்தெருவே கல்லா கட்டுகிறது. தனியார் காட்சிக்கூடம் ஒன்றில் மதியச் சாப்பாட்டுக் காசைக் கொடுத்து உள்ளே போனேன். இருட்டறை, தூசி படிந்த பொம்மைகள், கரகரத்த ஒலிப்பதிவு, அவ்வளவுதான். வெளியேறும் கதவு நேராக நினைவுப்பொருள் கடைக்குள் திறக்கிறது. பகற்கொள்ளை!

காசே வாங்காத நினைவிடம், சார்ட்டர் தெரு இடுகாட்டை ஒட்டி, 1992-இல் அமைக்கப்பட்டது. கருங்கல் சுவரிலிருந்து நீளும் 20 கல் இருக்கைகளில் கொல்லப்பட்டவரின் பெயர், கொன்ற விதம், நாள் ஆகியவை மட்டும் பொறிக்கப்பட்டுள்ளன. வாசலின் தரைக்கற்களில் செதுக்கிய அவர்களது மன்றாட்டு வரிகள், பாதிச் சொல்லிலேயே சுவருக்கடியில் புதைந்துபோகின்றன. ஓர் இருக்கையின் மேல் யாரோ வைத்த ரோஜா வாடிக் கிடந்தது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது துறைமுகம்தான். 1819-இல் எழுந்த சுங்க அலுவலகத்துக்கு எதிரே கடலுக்குள் நீளும் டெர்பி துறைமேடையில், முனையிலுள்ள சிறிய கலங்கரை விளக்கம் வரை காலாற நடக்கலாம். சுமத்திராவிலிருந்து மிளகும் இந்தியாவிலிருந்து துணியும் இறங்கிய இடம் இது. 1790 டிசம்பரில், கப்பல் தலைவர் கிபோவுடன் சென்னையிலிருந்து வந்திறங்கிய ஒருவரைப் பார்த்ததாக, இவ்வூர்ப் பாதிரியார் வில்லியம் பென்ட்லி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கறுத்த நிறம், நீண்ட கருங்கூந்தல், நல்ல உயரம் என்று வர்ணித்தவர், பெயரை எழுதாமல் விட்டுவிட்டாரே என்று எனக்குக் கோபமே வந்தது. அந்த மனிதர் டிசம்பர்க் குளிரை எப்படித் தாங்கினாரோ!

துறைமுகப் பக்கத்தில் குடித்த கிளாம் சௌடர் என்ற சிப்பி சூப், விலை கூடுதலானாலும், குளிருக்கு அமிர்தம். கையிலிருப்பது ஒரே ஒரு நுழைவுச்சீட்டுக்கான காசு என்றால், பொம்மைக் கூடங்களைத் தவிர்த்து, பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையையோ தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையையோ சுற்றி வந்த கப்பல்காரர்கள் 1799-இல் தொடங்கிய சேகரிப்பு அங்கே இருக்கிறது.