டிரைவருக்கும் வெட்ஜுக்கும் ஒரே ஸ்விங்கா?

ஜனவரி 11, 2025, சனி

இன்று காலை கோல்ஃப் பயிற்சித் திடலில் இரண்டு கிளப்புகளால், அதாவது பந்தடிக்கும் கோல்களால், மாற்றி மாற்றி அடித்தேன்: ஒன்று நடுத்தரத் தூரத்துக்கான ஏழாம் எண் அயர்ன், மற்றது மிகத் தொலைவுக்கான டிரைவர். ஒவ்வொரு கிளப்புக்கும் தனி ஸ்விங் (கிளப்பை வீசும் அசைவு) வேண்டும் என்பாரும், எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்பாரும் உடலின் அசைவையும் நிற்கும் முறையையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த வாதம் தீராமல் நீள்கிறது என்று நினைக்கிறேன். டிரைவரின் நீளம் ஏறத்தாழ 45 அங்குலம். குறுந்தூர அடிகளுக்கான வெட்ஜ் 35 அங்குலத்தை ஒட்டியது. நீண்ட கிளப்பைப் பிடித்தால் பந்திலிருந்து விலகி, முதுகைச் சற்று நிமிர்த்தி நிற்கிறோம். அதனாலேயே கிளப் சுழலும் தளம் தட்டையாகிறது. வெட்ஜில் குனிந்து அருகில் நிற்பதால் அதே சுழற்சி செங்குத்தாகிறது. இதற்கெனக் கைகளுக்குத் தனிப்பாடம் தேவையில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

உண்மையில் யோசிக்க வேண்டியது பந்தை வைக்கும் இடத்தைத்தான். அயர்னில், கிளப்பின் தலை மிகத் தாழும் புள்ளி பந்தைக் கடந்து இலக்கின் பக்கம் அமைய வேண்டும். அப்போதுதான் அது இறங்கும் போக்கில் முதலில் பந்தையும் பிறகு புல்லையும் தொடும். டிரைவரிலோ பந்து டீ என்னும் சிறு முளையின் மேல் உயர்ந்து நிற்கிறது. வலக்கை ஆட்டக்காரர் பந்தை இடக் குதிகாலுக்கு நேராக வைத்து, கால்களை அகட்டி, வலத்தோளைச் சற்றுத் தாழ்த்தி நின்றால், அதே ஸ்விங் தாழ்புள்ளியைக் கடந்து மேலெழும்போது பந்தைச் சந்திக்கிறது.

புகழ்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ் எல்லா கிளப்புக்கும் பந்தை இடக் குதிகாலை ஒட்டிய ஒரே இடத்தில் வைப்பதை ஆதரித்தவர். அவருடைய கால்களின் உந்துதல் இல்லாதவர்கள் குட்டையான கிளப்புகளுக்குப் பந்தை நடுவே கொண்டுவருவதே நல்லது என்பேன்.

ஜனவரி 18, சனி

ஒரே ஸ்விங் என்ற கொள்கையை மிகத் தொலைவு கொண்டு சென்றவர் அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ. அயர்ன்கள் அனைத்தையும் ஏறத்தாழ 37.5 அங்குலமாகவே அமைத்துக்கொண்டு, 2020இல் விங்டு ஃபுட் திடலில் யு.எஸ். ஓப்பன் போட்டியை வென்றார். அவரும் டிரைவரை அந்த நீளத்துக்குக் குறைக்கவில்லை. வேகம் வேண்டுமானால் நீளம் வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

டிரைவரை மேல்நோக்கித்தான் அடிக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் பொதுவான விதியன்று. டிராக்மேன் என்னும் ரேடார் கருவியின் அளவீடுகளின்படி, அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆண்களின் டிரைவர் சராசரியாக ஏறத்தாழ ஒரு பாகை கீழ்நோக்கியே பந்தைச் சந்திக்கிறது. பெண்களுக்கான எல்பிஜிஏ தொடரில் ஆடுவோருடையது மேல்நோக்கிச் செல்கிறது. வேகம் குறைந்தவர்க்குத் தூரம் கிடைக்க அந்த ஏற்றம் உதவுகிறது. ஆகவே என் போன்றோர் பின்பற்ற வேண்டியவர்கள் அந்தப் பெண்களே. அடுத்த சனிக்கிழமை ஸ்விங்கைத் தொடாமல் டீயின் உயரத்தை மட்டும் மாற்றிப் பார்க்கப் போகிறேன். பந்தின் பாதி டிரைவர் தலைக்கு மேலே தெரியும் உயரத்திலிருந்து தொடங்குவேன்.