பின்கோடை எல்லாம் உடைச்சு பார்க்கறேன் (600054 வரைக்கும்)

சென்னை பின்கோடு ஒவ்வொண்ணையும் காரணிப்படுத்தி பார்க்கணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை. வெட்டி வேலைதான். கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு நொடில முடிஞ்சிரும், அதனாலயே பேப்பர் பேனா மட்டும்தான், கடைசில சரிபார்க்க ஃபோன் கால்குலேட்டர்.

நிறைய வேலைய மிச்சம் பண்ணது 1001. 7×11×13 = 1001ங்கறதால ஆறு இலக்க நம்பரை நடுவுல வெட்டி, முன்பாதில இருந்து பின்பாதிய கழிச்சா போதும், மூணுல எது வகுக்கும்னு தெரிஞ்சிரும். நமக்கு முன்பாதி எப்பவும் 600, அதனால பஸ்ல நின்னுட்டே மனசுல போடலாம். தி.நகர் 600017: 600-17 = 583 = 11×53, ஆக 11 வகுக்கும், 11×54547. திருவான்மியூர் 600041க்கு 559 = 13×43, அப்ப 13. 600028க்கு 572, அதுல 11, 13 ரெண்டுமே இருக்கு: 2×2×11×13×1049.

ரசிச்சு பண்ணது திருவல்லிக்கேணி, 600005. 5ஐயும் ரெண்டு 7ஐயும் எடுத்தா மிச்சம் 2449. பார்த்தா பகா எண் மாதிரியே முறைக்குது. ஃபெர்மா வழில போனேன், அதாவது 50ல ஆரம்பிச்சு ஒவ்வொரு வர்க்கத்துல இருந்தும் 2449ஐ கழிச்சு, வர்றதும் வர்க்கமான்னு பார்க்கறது. 51, 152, 255, 360, 467, அப்புறம் 55×55 = 3025, கழிச்சா 576, அட அது 24×24! ஆக (55-24)×(55+24) = 31×79.

ராமானுஜன் கேம்ப்ரிட்ஜ் போறதுக்கு முன்னாடி குடியிருந்த ஏரியா வேற இது. அவரும் கேம்ப்ரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியும் 1917ல காட்டினது, ஒரு நம்பருக்கு பொதுவா எத்தனை வெவ்வேற பகா காரணி இருக்கும்னா log log n அளவுக்கு (n அந்த நம்பர், log இயல் மடக்கை). ஆறு லட்சத்துக்கு அது சுமாரா 2.6. இங்க நாலு இருக்கு, சைதாப்பேட்டை 600015ல அஞ்சு: 3×5×13×17×181.

பகா எண் கண்டுபிடிக்கறதுதான் பெண்டு நிமிர்த்திருச்சு. 600011 பெரம்பூர், எதுலயும் மாட்டல, அதோட வர்க்கமூலம் 774 சொச்சம், அது வரைக்கும் இருக்கற 137 பகா எண்ணாலயும் வகுத்தாகணும், கடைசி 773லயும் மீதி 163. பாஸ்! ஆறு லட்சத்தை தாண்டி வர்ற முதல் பகா எண்ணே பெரம்பூர்தான். அடுத்து பல்லாவரம் 600043, அப்புறம் அம்பத்தூர் 600053, அவ்ளோதான். இந்த சைஸ்ல சராசரியா பதிமூணுக்கு ஒண்ணு வரணும், அந்த கணக்குல ஒண்ணு கம்மி. மயிலாப்பூர்காரங்க கோச்சுக்காதீங்க, 4ல முடியற நம்பருக்கு சான்ஸே இல்ல.

நேத்து ஆவடி 600054. 546 வந்துச்சு, 7, 13 ரெண்டும் உள்ள, கடைசில 2×3×7×7×13×157. அம்பத்தூர் உடையவே மாட்டேன்னு நின்னுச்சு, பக்கத்து நம்பர் இப்படி தூள்தூளா போகுது.