ஆத்தாவின் வேண்டுதலும் கங்கோத்ரிச் செம்பும்

2008ஆம் ஆண்டு வைகாசியில் எங்கள் ஆத்தா (அம்மாவை அப்படித்தான் அழைப்போம்) தேவகோட்டையிலிருந்து ஒரு யாத்திரைக் குழுவோடு புறப்பட்டு, காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தில் தங்கி விசுவநாதரைத் தரிசித்துவிட்டு, கங்கோத்ரி வரை சென்று வந்தார்கள். திரும்பி வந்ததும் கோயிலைப் பற்றிப் பேசியதைவிட, உத்தரகாசிக்கு மேலே மலையைக் குடைந்துகொண்டிருந்த வெடிச் சத்தத்தைப் பற்றிப் பேசியதே அதிகம். லோஹாரிநாக் பாலா நீர்மின் திட்டத்துக்காக அங்கே கங்கையின் தலையாறான பாகீரதியைத் தடுத்து, 13 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்துக்குள் திருப்பி, 600 மெகாவாட் மின்சாரம் எடுக்கப் போவதாக வண்டியோட்டி சொல்லியிருக்கிறார். மழைநீரை முற்றத்து அண்டாவில் பிடித்து வைத்தும், குடிக்கிற ஊருணியில் கால் நனைக்க அஞ்சியும் வளர்ந்த ஆத்தாவால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "தாயே, நீ தடையில்லாமல் ஓடினால், உன் மடியிலேயே நீரெடுத்து இராமேசுவரம் இராமநாதருக்கு அபிஷேகம் செய்கிறேன்" என்று கரையில் நின்றே வேண்டிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஜி.டி. அகர்வால் பாகீரதிக்காக உண்ணாநோன்பு தொடங்கினார். 2009 பிப்ரவரியில் வேலை நின்றது. அவர் மீண்டும் நோன்பிருந்த 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில், பாதி தோண்டிய சுரங்கங்களோடு திட்டமே கைவிடப்பட்டது. அதே ஆற்றில் திட்டமிட்டிருந்த 480 மெகாவாட் பாலா மனேரியும் 381 மெகாவாட் பைரோன்காட்டியும்கூடக் கைவிடப்பட்டன. அந்தச் செய்தி வந்த நாளிதழ்த் துண்டை ஆத்தா சாமி அறையில், திருநீற்று மரவைக்குக் கீழே மடித்து வைத்தார்கள். ஆனால் அதற்குள் முழங்கால் வலி வந்துவிட்டது, பிறகு படுக்கை, பிறகு இறைவனடி. கடைசி நாட்களில் எங்களிடம் கேட்டது, அந்த வேண்டுதலை நிறைவேற்ற வேண்டும் என்ற ஒன்றைத்தான்.

2024 வைகாசியில் நானும் அண்ணனும் அவர் மனைவி அண்ணமிண்டியும் ஆத்தாவின் செப்புச் செம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அந்த ஆண்டு கூட்டம் சொல்லி முடியாது. உத்தரகாசியிலிருந்து கங்கோத்ரி சுமார் 100 கிலோமீட்டர்தான். எதிரும் புதிருமாக வண்டிகளை மாற்றி மாற்றி நிறுத்தி விட்டதில் பதினோரு மணி நேரம் சாலையிலேயே கழிந்தது. தங்கும் விடுதியில் பேசிய வாடகையை வாசலில் இரட்டிப்பாக்கினார்கள். படித்துறையில் சங்கல்பம் செய்து வைப்பதாகக் கையைப் பிடித்து இழுத்தவர்களிடம் அண்ணன் சத்தம் போடும்படி ஆகிவிட்டது. புண்ணியத் தலத்தில் கோபப்பட வைக்கிறார்களே என்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

ஆனால் அந்தச் சாலையில் வராமல் இருந்திருந்தால் ஆத்தாவின் பயம் எதைப் பற்றியது என்று எனக்கு விளங்கியிருக்காது. கீழே டெஹ்ரி அணையின் நீர்த்தேக்கத்தில் கங்கை அசைவில்லாமல் பச்சையாகக் கிடந்தாள். பழைய டெஹ்ரி நகரமே அந்த நீருக்கு அடியில் இருக்கிறது. உத்தரகாசியைத் தாண்டினால் மனேரி. அங்கே தடுப்பணையில் நீரைச் சுரங்கத்துக்குத் திருப்பிவிடுவதால், அதற்குக் கீழே பாறைகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால் அளவுதான் ஓடுகிறது. மனேரியைக் கடந்து மேலே ஏறியதும் சத்தம் மாறியது. பிறகு கங்கோத்ரி வரை அந்த இரைச்சல் எங்களை விடவே இல்லை. மூன்று திட்டங்களும் நடந்திருந்தால் அந்த வழியின் பெரும்பகுதியில் வெறும் கற்களைத்தான் பார்த்துக்கொண்டு போயிருப்போம்.

எங்கள் வண்டியோட்டி, தன் தம்பி லோஹாரிநாக் பாலா சுரங்கத்தில் கூலிக்கு இருந்தவர் என்றும், திட்டம் நின்றதும் பிழைப்புத் தேடி டேராடூன் போய்விட்டார் என்றும் சொன்னார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. பிழைப்புக்காக பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறியவர்களின் பேத்திக்கு அந்த வலி புரியாததில்லை. என்றாலும், ஆறு ஓடட்டும் என்றுதான் என் மனம் அப்போதும் சொன்னது.

மறுநாள் விடியற்காலை கங்கா மாதா சன்னிதியில் இரண்டே வினாடிதான் நிற்க விட்டார்கள். அதற்குள் என்ன வேண்டினேன் என்றே நினைவில்லை. பகீரதன் சிலைக்கு வணக்கம் சொல்லிப் படியில் இறங்கி, சங்கிலியைப் பிடித்தபடி செம்பை நீரில் வைத்ததும், பனி உருகி வண்டல் கலந்து சாம்பல் நிறத்தில் வந்த வெள்ளம் செம்பைக் கையிலிருந்து பறிக்கப் பார்த்தது. விரல்கள் மரத்துவிட்டன. அவ்வளவு வேகம். அந்த வேகத்தைக் கையில் உணர்ந்தபோதுதான், ஆத்தா கேட்டதைத் தாய் அப்படியே கொடுத்திருக்கிறாள் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. அண்ணமிண்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "ஆத்தா, உங்க கங்கை ஓடுதுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். 2018 அக்டோபர் 11 அன்று, கங்கைக்காக இருந்த நோன்பின் 111ஆம் நாளில் உயிர்விட்ட அந்தப் பேராசிரியருக்கும் சேர்த்து மூன்று கை நீர் வார்த்தேன். துறவு பூண்டு சுவாமி ஞான ஸ்வரூப் சானந்த் ஆன அவரை ஆத்தா பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு அவர் செய்தது சிறிய உதவியா?

செம்பின் வாயை ஈயத்தால் பற்றவைத்து மூடி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் வந்து, அந்த வாரமே இராமேசுவரம் போனோம். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரம் மாற்றிக்கொண்டு சன்னிதிக்கு வந்தால் முன்னால் நூறு தலை. குருக்கள் செம்பை வாங்கி உள்ளே போனது மட்டும் தெரிந்தது. எட்டிப் பார்த்தும் இராமநாதர் திருமேனி தெரியவில்லை. ஆனால் கல்லில் நீர் விழுந்த ஓசை எங்கள் மூவருக்கும் கேட்டது.