கலியாணத்தைத் தேடி வந்தவர்களும் கடன் உறுதிகளும்

திருகோணமலையில் ஒரு நொத்தாரிசிடம், அதாவது காணிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துகிறவரிடம், எழுத்தராகச் சேர்ந்து, பிறகு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆனவன் நான். உறுதிகள் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பழைய பத்திரங்களும் வழக்குக் கோவைகளும்தான் எனக்குச் சோறு போட்டன. காணி வாங்குகிறவருக்கு உரித்துத் தேடிக் கொடுப்பது தொழில். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் போர் முடிந்த பிறகுதான் வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் லண்டன், ரொறன்ரோ ஆட்கள். லீவில் வந்து, கோணேசரையும் கன்னியா வெந்நீரூற்றையும் பார்த்துவிட்டு, யாரோ சொல்லி என்னிடம் வருவார்கள். கேட்பது ஒன்றுதான்: "அப்பப்பாவின்ர தகப்பன் கலியாணம் முடிச்ச பதிவை எடுத்துத் தர ஏலுமா, ஐயா?"

நான் திருப்பிக் கேட்பேன்: "உங்கட ஆக்கள் கடன்பட்டு, காணியை ஈடு வைச்ச கதை ஏதும் வீட்டில சொல்லுவினமோ, தம்பி?" சிலர் சிரிப்பார்கள். சிலருக்கு முகம் கறுத்துவிடும்.

விளையாட்டுக்குக் கேட்பதில்லை. நம்முடைய ஊர்ப் பக்கத்தில் கலியாணம் எழுதாமல் நடக்கும்; காணியை வைத்துக் கடன் எழுதாமல் நடக்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு, காணியை விற்பதென்றாலும் ஈடு வைப்பதென்றாலும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். கலியாணத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் சட்டமாக வந்துவிட்டது. பொதுவான விவாகப் பதிவுக்கு இன்றும் அடிப்படை 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழும், பதியவில்லை என்பதற்காக வழக்கப்படி நடந்த கலியாணம் செல்லாமல் போய்விடாது. பதிவு இருந்தால் அது மிகச் சிறந்த சான்று, அவ்வளவுதான். இல்லாவிட்டால், கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தார்களா என்று நீதிமன்றம் பார்க்கும். ஐயர் வந்து தாலி கட்டிய கலியாணமும் உண்டு. கூறை கொடுத்து, சோறு கொடுத்து முடித்த கலியாணமும் உண்டு. இரண்டுக்கும் ஊர்தான் சாட்சி. பதிவுகாரர் முன்னால் எழுத்து வைக்கும் பழக்கம், அரசாங்க வேலை, ஓய்வூதியம், பாஸ்போட் என்று ஒவ்வொன்றாகத் தேவை வந்தபோதுதான் வீடுகளுக்குள் நுழைந்தது. ஆகவே ஒரு சைவக் குடும்பத்தின் 1880ஆம் ஆண்டுக் கலியாணத்தைப் பதிவேட்டில் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை.

கிறிஸ்தவக் குடும்பங்கள் என்றால் கதை வேறு. கோயில் பதிவேடு இருக்கும், அது சில வேளை கட்டுக்கதையையே உடைத்துவிடும். திருகோணமலையில், கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நிற்கும் அந்தப் பழைய தூணை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1687இல் நாட்டியது. பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண், காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து மலையிலிருந்து குதித்துவிட்டாள் என்று வழிகாட்டிகள் இன்றும் உருக்கமாகச் சொல்வார்கள். அவள் அதற்குப் பிறகும் உயிரோடிருந்து, மணம் முடித்து வாழ்ந்ததை ஒல்லாந்தர் ஆவணங்கள் காட்டுகின்றன. எழுதி வைக்கும் சாதியில் பிறந்தவளுக்கு அந்த வசதி இருந்தது. நம்முடைய பூட்டிமாருக்கு ஒற்றி உறுதிதான்.

கடன் உறுதி எப்படிப் பூட்டியைக் காட்டும் என்று கேட்பார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். வேர் சாம்பல்தீவில். பூட்டியின் பெயர்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது, வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயர்தான் தெரியும். பிறப்பு, விவாகம் எதிலும் ஒன்றும் அகப்படவில்லை. கையில் இருந்த ஒரே துரும்பு, 'கிணத்தடி வளவு' என்று பாட்டி சொல்லிக்கொண்டிருந்த ஒரு தென்னங்காணி.

காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்தக் காணியைப் பற்றி எழுதப்பட்ட உறுதி ஒவ்வொன்றும் அதில் ஒரு வரி. பக்கம் நிரம்பினால் வேறு தொகுதிக்குக் கொண்டுபோவார்கள், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று மூலையில் இலக்கம் போட்டிருக்கும். இன்றைய சொந்தக்காரரிலிருந்து அந்த இலக்கங்களைப் பிடித்துப் பின்னால் போக வேண்டும். கடுதாசி பழுப்பேறி, பிடித்தால் விரலோடு வரும். சில பக்கங்களில் பூச்சி தின்ற ஓட்டை பத்துப் பக்கம் ஊடுருவிப் போகும். அந்தத் தூசியில் ஒரு நாள் இருந்தால் மூன்று நாள் தும்மல்.

பின்னால் போய்ப் போய் 1890களில் ஓர் ஈட்டுறுதியில் முட்டினோம். கடன் வாங்கியது ஒரு பெண். 'என் கணவன் இன்னாரின் சம்மதத்துடனும் முன்னிலையிலும்' என்று தொடக்கத்திலேயே எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் மனைவி தன் காணியை ஈடு வைக்கக் கணவனின் சம்மதம் வேண்டும். தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலும் அப்படித்தான், 1876ஆம் ஆண்டுப் பொதுச் சட்டத்திலும் அப்படித்தான். பெண்ணைக் கட்டி வைக்கப் போட்ட சட்டம். ஆனால் அதன் தயவில் கணவனின் பெயரும், கணவனுடைய தகப்பனின் பெயரும் நமக்குக் கிடைத்துவிடுகின்றன.

அடுத்தது, காணி அவளுக்கு எப்படி வந்தது என்ற பந்தி. 'என் தாய் தகப்பன் எனக்குச் சீதனமாகத் தந்த இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி' என்று ஆண்டு, மாதம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் எல்லாம் வரும். சீதன உறுதி கலியாணத்தை ஒட்டி எழுதுவது. ஆக, எந்தப் பதிவேட்டிலும் இல்லாத கலியாணத்தின் காலம், வட்டிக்கு வாங்கிய கடனுக்குள் இருந்தது.

பிறகு எல்லைகள். எனக்குப் பிடித்த இடம் இதுதான். கிழக்கு ஒழுங்கை, தெற்கு கோயில் காணி, மேற்கு சகோதரியின் சீதனக் காணி, வடக்கு இன்னொரு சகோதரியின் சீதனக் காணி. ஒரு வளவை மகள்மாருக்குப் பிரித்துப் பிரித்துக் கொடுத்ததால், நாலு எல்லையையும் வாசித்தால் பாதிக் குடும்பம் வந்து வரிசையில் நிற்கும். 'தம்பி, உங்கட பூட்டிக்கு ரெண்டு சகோதரி இருந்திருக்கினம்' என்று சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

கடைசியில் நொத்தாரிசின் அத்தாட்சி. அதை யாரும் வாசிப்பதில்லை. பணம் தன் முன்னிலையில் எண்ணிக் கொடுக்கப்பட்டதா இல்லையா என்று நொத்தாரிசு அங்கே சொல்லியாக வேண்டும். இந்த உறுதியில் கொடுக்கப்படவில்லை, முன்பே வாங்கிக்கொண்டதாகக் கடன்காரி ஒப்புக்கொண்டாள் என்று இருந்தது. அப்படி இருந்தால் புதுக் கடன் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். பழைய கைமாற்றும் அதன் வட்டியும் சேர்ந்து, கொடுத்தவர் இனிப் பொறுக்க முடியாமல் காணியில் ஏற்றிக்கொண்டது. பணம் கொடுத்தவர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. சாட்சி இரண்டில் ஒருவர் அவளுடைய தமையன்.

கதை அங்கே முடியவில்லை. அதே பக்கத்தில் மேலும் சில ஆண்டுகள் கழித்து ஈடு மீட்ட பதிவு. அதை அடுத்து அதே காணியில் ஒரு பகுதி மகளுக்குச் சீதனம். பிறகு மிச்சப் பகுதி திரும்ப ஈடு, திரும்ப மீட்பு, அடுத்த மகளுக்குச் சீதனம். ஒவ்வொரு மகளுக்கும் முன்னால் ஒரு கடன். நகைக்கும் பந்தலுக்கும் ஈடு வைத்து, நாலைந்து வருட நெல்லும் தேங்காயும் போட்டு மீட்டிருக்கிறார்கள். இப்படிப் பல குடும்பங்களில் பார்த்துவிட்டேன். மகள்மாரின் கலியாண ஆண்டுகளை ஈட்டு உறுதிகளைக் கொண்டே ஓரளவு சொல்லிவிடலாம்.

இவை எல்லாம் எப்படி இத்தனை புயலுக்கும் போருக்கும் தப்பின என்று கேட்கலாம். 1964 மார்கழிப் புயல், கலவரங்கள், இடப்பெயர்வுகள், 2004 சுனாமி என்று வீட்டுப் பெட்டகத்தில் இருந்தவை போய்விட்டன. ஆனால் உறுதி எழுதினால் ஒன்று ஆளுக்கு, ஒன்று நொத்தாரிசின் கோவையில், இன்னொன்று அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். மூன்றில் ஒன்றாவது எங்கேயாவது கிடக்கும். ஒல்லாந்தர் காலத்துக்குப் போக வேண்டுமென்றால் கொழும்பில் தேசிய சுவடிகள் கூடம். அங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஒல்லாந்துத் தொகுதிகள் உண்டு. அதற்கு மொழி தெரிந்தவர் வேண்டும், நான் அந்தப் பக்கம் போவதில்லை.

மூலை கிழிந்து ஆண்டு போய்விட்ட கடுதாசிகளைக் காசை வைத்து மதிப்பிடுவேன். தொகை இறைசால் என்ற பழைய நாணயத்தில் இருந்தால் ஒல்லாந்தர் காலம் அல்லது ஆங்கிலேயரின் முதல் முப்பது ஆண்டுகள். பவுண், சிலிங் என்றால் 1825க்குப் பிறகு. ரூபாயும் சதமும் என்றால் 1872க்கு இந்தப் பக்கம். ஊர்ச்சனம் சட்டத்தைப் பார்த்து ஒரே நாளில் மாறிவிடுவதில்லை, பழைய கணக்கில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கும். என்றாலும் நொத்தாரிசுமார் கவனமாக இருந்தார்கள்.

கடன் கோட்டுக்கு ஏறினால் இன்னும் நல்லது. அந்தக் குடும்பத்துக்கு இல்லை, எனக்கு. கடன்காரர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட்டால், வழக்காளி அவருடைய உரிமைக்காரரை வழக்கில் சேர்க்க வேண்டும். மனைவி, மக்கள், வயது வராத பிள்ளைகளுக்குப் பொறுப்பாக யார் என்று எல்லாம் மனுவில் வரும். பொறுப்பாளர் அநேகமாகத் தாய்மாமன். 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைக் கோவைக்குப் பிறகு இது இன்னும் ஒழுங்காக இருக்கும். இரண்டு தலைமுறையை ஒரே தாளில் இவ்வளவு துப்புரவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பணத்தை வாங்கியே தீர வேண்டும் என்று நிற்கிறவன் எந்தப் பிள்ளையையும் மறக்க மாட்டான்.

தீர்ப்பு வந்து பணம் கட்டாவிட்டால் பிஸ்கால், அதாவது தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரி, அவருடைய ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். உடுபுடவை, பாய் படுக்கை, தொழில் ஆயுதம் இவற்றில் கை வைக்கக்கூடாது. மற்றவற்றை எழுதிக்கொண்டு வருவார்கள். தம்பலகாமத்து வயற்காரர் ஒருவருடைய பட்டியல் நினைவில் நிற்கிறது: ஒரு தேக்கம் பெட்டகம், பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று, வெண்கலப் பானை, கன்றோடு ஒரு எருமை, களஞ்சியத்தில் நெல். நெல்லின் அளவை அடித்து, குறைத்து எழுதியிருந்தது. யார் குறைத்தது, ஏன் குறைத்தது என்று கோவையில் இல்லை. பிஸ்கால் சேவகனும் ஊர்க்காரன்தானே.

பெயர்கள்தான் பெரிய தலையிடி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர் முன்னால் வரும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். ஒரே ஊரில் ஒரே காலத்தில் நாலு சின்னத்தம்பி, மூன்று கந்தப்பர். தமிழ் உறுதியில் ஒரு மாதிரி இருக்கும் பெயர், ஆங்கிலத்தில் எழுதிய வழக்கேட்டில் எழுத்தரின் காதுக்கு எட்டியபடி இருக்கும். பெயரை மட்டும் நம்பித் தேடினால் வேறு ஒருவருடைய பூட்டனைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போக வேண்டியதுதான். காணியின் பெயரையும் எல்லையையும் பிடித்தால் ஆள் தவறாது.

கடன் பத்திரத்தைக் காட்டியதும் சிலர் குரலைத் தாழ்த்துவார்கள். "அப்ப எங்கட ஆக்கள் கடன்காரரோ?" கடன் கொடுக்கக் கொஞ்சமாவது நம்பிக்கை வேண்டும், ஈடு வைக்கக் காணி வேண்டும் என்று நான் சொல்வேன். ஆறுதலுக்குச் சொல்வதில்லை. ஒன்றும் இல்லாதவருக்கு யாரும் உறுதி எழுதிக் கடன் கொடுக்கவில்லை. கரைவலைக்குக் கூலியாக இழுத்தவர்கள், பிறர் வயலில் வெட்டியவர்கள், வீட்டு வேலைக்கு நின்ற பெண்கள் ஆகியோரின் பேரப்பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். கலியாணப் பதிவும் இல்லை, காணியும் இல்லை, வழக்கும் இல்லை. சில வேளை யாரோ ஒருவருடைய உறுதியில் சாட்சியாகப் புள்ளடி போட்ட பெயராகத் தென்படுவார்கள். அதைக் காட்டி 'இவர்தான்' என்று சொல்ல எனக்குத் துணிவு வருவதில்லை. அவர்களிடம் தேடுகூலி வாங்கவும் மனம் வராது.

ரொறன்ரோக்காரர் எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து, என்னைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்து, பிள்ளைகளுக்காகக் குடும்பப் புத்தகம் ஒன்று அச்சடித்தார். வட்டியும், பழைய பாக்கியும் வரும் பகுதியை விட்டுவிட ஏலுமா என்று கேட்டார். சத்தியம் பண்ணிக் கையொப்பம் வைக்கிறவன் வரியை விட முடியாது, முழுவதையும் பெயர்த்துத் தருகிறேன், அச்சடிப்பது உங்கள் பாடு என்றேன். புத்தகம் வந்தது. நல்ல வழுவழுப்பான கடுதாசி. உறுதியின் முதல் பக்கம் மட்டும் அதில் இருக்கிறது. எல்லைகளும் வட்டியும் வரும் இரண்டாம் பக்கம் இல்லை.

போன மாதம் நிலாவெளியிலிருந்து ஓர் அக்கா அந்தப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார். புத்தகக்காரருக்கு ஒன்றுவிட்ட சகோதரி முறை. "ஐயா, இதில எங்கட பகுதியைக் காணேல்லையே" என்றார். அவருடைய பூட்டியின் பெயரைக் கேட்டேன். வடக்கு எல்லை. இரண்டாம் பக்கத்தை எடுத்து, வட்டியோடு சேர்த்தே கொப்பி அடித்துக் கொடுத்தேன்.